அதிகாரமில்லாத எழுவர்

அமெரிக்காவில் கவுண்டி என்று வழங்கப்படுவது ஏறக்குறைய நம்முடைய ஜில்லாவுக்கு நிகரானது என்றாலும், ஜில்லாவைப் போல மேலிருந்து அனுப்பப்படும் ஒரு கலெக்டரின் கையில் அது இருப்பதில்லை. கலிபோர்னியாவில் உள்ள 58 கவுண்டிகளில், நகரமும் கவுண்டியும் ஒன்றாகவே இருக்கும் சான் பிரான்சிஸ்கோ நீங்கலாக, மற்றவை யாவும் ஜனங்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஐந்து மேற்பார்வையாளர்கள் கொண்ட சபையின் நிர்வாகத்தில் இருக்கின்றன. ஆஸ்பத்திரி, சிறைச்சாலை, சாலை, தேர்தல், சொத்துவரி என்று அந்த ஐவரின் மேஜைக்கு வந்து சேரும் விவகாரங்களுக்குக் கணக்கில்லை. அவற்றின் நடுவே பூங்கா என்பது, யாரும் சண்டைக்கு வராதவரை, எப்போதும் கடைசிப் பக்கத்துக்கு ஒதுங்கிவிடுகிற சாதுவான விஷயம். அந்தச் சாதுவுக்காகப் பரிந்து பேச ஏற்பட்டதுதான் பூங்கா ஆலோசனைக் குழு. அந்த மாநிலத்துக் கவுண்டி ஒன்றின் பூங்கா இலாகாவில் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்டாகச் சேர்ந்து, பிறகு திட்ட அதிகாரியாகி ஓய்வு பெற்ற நான், என் உத்தியோக காலத்தின் பெரும்பகுதியை இத்தகைய குழு ஒன்றின் எதிரில் வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு, சுட்டுக்கோல் கையில் ஏந்திய பள்ளிக்கூட வாத்தியாரைப் போலவும், சில மாலைகளில் குற்றவாளிக் கூண்டில் நிற்பவனைப் போலவும் நின்று கழித்தவன்.

குழுவில் ஏழு பேர். மேற்பார்வையாளர் ஒவ்வொருவரும் தத்தம் தொகுதியிலிருந்து ஒருவரின் பெயரைக் குறித்து அனுப்ப, மீதி இருவரைச் சபை பொதுவில் நியமித்தது. சம்பளம் கிடையாது. என் காலத்தில் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்களில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர், மரங்களுக்கு வைத்தியம் பார்ப்பதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டிருந்த பெரியவர் ஒருவர், குதிரை வளர்க்கும் அம்மாள் ஒருவர், மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டும் கம்ப்யூட்டர் என்ஜினீயர் ஒருவர், மளிகைக்கடை வைத்திருந்த மெக்சிகோக்காரர் ஒருவர் ஆகியோரை நான் மறக்க இயலாது; மற்ற இருவரில் ஒருவர் வக்கீல், இன்னொருவர் வீட்டுமனைத் தரகர். மாதத்தில் ஒரு நாள் மாலை அவர்கள் கூடுவார்கள். ஒரு டாலரைச் செலவழிக்கவோ, ஒரு தோட்டக்காரனை வேலைக்கு வைக்கவோ அவர்களுக்கு அதிகாரமில்லை. ஒரு திட்டத்தை ஏற்கலாம் என்றோ, திருத்த வேண்டும் என்றோ, கூடாது என்றோ மேற்பார்வையாளர் சபைக்குச் சிபாரிசு செய்யலாம். சபை அதை ஏற்கவும் செய்யலாம், புறக்கணிக்கவும் செய்யலாம். இலாகாவில் புதிதாகச் சேரும் இளைஞர்கள், ஒன்றும் செய்ய முடியாத ஏழு பேருக்காக இத்தனை அறிக்கை எழுத வேண்டுமா என்று என்னைக் கேட்பதுண்டு. அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது என்பதால்தான் அவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வது நமக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று நான் சொல்லுவேன். தீர்மானிக்கிறவனுக்கு அவசரம் உண்டு. வரைகிறவனுக்குத் தன் வரைபடத்தின்மேல் மோகம் உண்டு. இரண்டும் இல்லாத ஒருவர் ஒரு காகிதத்தைச் சாவதானமாகப் பார்த்தால் அதில் என்னவெல்லாம் தென்படும் என்பதை அனுபவத்தில்தான் அறிய முடியும்.

ஆதியில் இப்படி இருக்கவில்லை. அமெரிக்காவிலேயே முதலாவதான கவுண்டிப் பூங்காக் கமிஷன் நியூ ஜெர்சி மாநிலத்தில் எஸெக்ஸ் கவுண்டியில் 1895-இல் ஏற்பட்டபோது, நிலம் வாங்கவும், பூங்கா அமைக்கவும், நிர்வகிக்கவும் பூரண அதிகாரம் அதனிடமே இருந்தது. நியூவார்க் நகரத்தில் இன்றும் வசந்த காலத்துச் செர்ரி மலர்களுக்காக ஜனங்கள் திரளும் பிரான்ச் புரூக் பூங்கா அந்தக் கமிஷனின் கைங்கரியந்தான். கலிபோர்னியாவிலும், 1934-இல், பொருளாதார மந்தத்தின் கொடுமை தணியாத நாளில், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குக் கரையில் வாழ்ந்த ஜனங்கள் தங்கள்மேல் தாங்களே வரி விதித்துக்கொண்டு, தேர்தலால் அமையும் நிர்வாகக் குழுவோடு கூடிய ஒரு தனிப் பூங்கா ஜில்லாவை ஏற்படுத்திக்கொண்டார்கள். ஆனால் பல கவுண்டிகளில், பணமும் அதிகாரமும் மேற்பார்வையாளர்களிடமே தங்கிவிட்டபடியால், பூங்காக் குழுவின் கையில் மிஞ்சியது யோசனை சொல்லும் உரிமை மட்டுமே.

யோசனை கேட்பதில் முக்கியமானது எப்போது கேட்கிறோம் என்பது. எங்கள் தொழிலில் வரைபடங்களை முப்பது சதவீதம், அறுபது சதவீதம், தொண்ணூறு சதவீதம் என்று பிரித்துப் பேசுவது வழக்கம். முப்பது சதவீத வரைபடத்தில் பாதை எங்கே, கட்டடம் எங்கே, வண்டி நிறுத்துமிடம் எங்கே என்ற வடிவம் மாத்திரம் இருக்கும். தொண்ணூறு சதவீதத்தில் ஆணியின் கனம் முதற்கொண்டு எழுதியாகிவிடும். தொண்ணூறில் கொண்டுபோய்க் குழுவின் முன் வைத்து அபிப்பிராயம் கேட்பது, பந்தியில் இலை போட்டுப் பரிமாறி முடித்த பிறகு என்ன சமைக்கலாம் என்று விசாரிப்பதற்கு ஒப்பாகும். இருந்தும் இலாகாக்கள் அதையே விரும்புகின்றன. ஏனென்றால், மாற்றச் சொல்லுவதற்குக் கூச்சப்படும் அளவுக்கு வேலை முடிந்திருக்கும். எங்கள் குழுவின் ஆசிரியை இதை வெகு சீக்கிரத்தில் கண்டுபிடித்துக்கொண்டார். எந்தத் திட்டம் வந்தாலும், "இது எத்தனை சதவீதம்?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. நாளடைவில் முப்பதைத் தாண்டிய எதையும் முதல் தடவையாகக் கொண்டுவரக் கூடாது என்பது எழுதாத சட்டமாகிவிட்டது.

எழுதிய சட்டமும் ஒன்று உண்டு. கலிபோர்னியாவின் சட்டசபை அங்கத்தினர் ரால்ஃப் பிரவுனின் பெயரால் வழங்கும் 1953-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி, இத்தகைய குழுக்களின் பெரும்பான்மையோர் தங்கள் வேலை சம்பந்தமாக எங்கே கூடினாலும், யார் வேண்டுமானாலும் வந்து கேட்கும்படி வெளிப்படையாகத்தான் கூட வேண்டும். வழக்கமான கூட்டமானால் நிகழ்ச்சிநிரலை 72 மணி நேரத்துக்கு முன்பே ஒட்டிவிட வேண்டும். பொதுஜனங்களில் எவருக்கும் பேச இடங்கொடுக்க வேண்டும். ஏழு பேரில் நால்வர் ஒரு ஹோட்டலில் காப்பி குடித்துக்கொண்டே பூங்காவைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்தால் அது சட்டவிரோதம். அந்த நால்வர் ஓர் இடத்தைப் பார்வையிடப் புறப்பட்டாலோ, அந்த மரத்தடியே சபாமண்டபமாகி, முன்கூட்டியே அறிவிப்பு ஒட்டியாக வேண்டியதாகிவிடும்.

அப்படி ஒட்டப்பட்ட அறிவிப்பின்படி, ஓர் ஆகஸ்ட் மாதப் பிற்பகலில், மூன்று மணி வெயிலில், ஏரிக்கரைப் பூங்கா ஒன்றின் மேட்டில் நாங்கள் கூடியிருந்தோம். மூன்று மணி என்று நேரம் குறித்தவர் ஆசிரியை. காலை பத்து மணி சௌகரியமாக இருக்குமே என்று இலாகா சொல்லியும் அவர் கேட்கவில்லை. மேட்டின்மேல் பெரிய கூரை ஒன்று எழுப்பி, அதன்கீழ்ச் சாப்பாட்டு மேஜைகள் அமைத்து, சுற்றிலும் புல்தரை விரிப்பது திட்டம். ஏரி மேற்கே இருந்தபடியால் கூரையின் திறந்த பக்கம் மேற்கு நோக்கி இருந்தது. ஆசிரியை மடக்கு நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். மேஜை வரவேண்டிய இடத்தில் அதைப் போட்டு, ஏரியைப் பார்த்து உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் கையைக் கண்ணுக்குமேல் பிடித்துக்கொண்டார். நாங்கள் நின்று பார்த்தோம். வெயில் நேரே முகத்தில் அடித்தது. ஏரி கண் கூசும்படி பளபளத்ததே தவிர, அதில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. குழந்தைகளோடு வருகிறவர்கள் தூக்கநேரம் கழித்து இந்த வேளைக்குத்தான் வருவார்கள் என்று அவர் சொன்னபோது, ஆலோசகராக அமர்த்தியிருந்த நிறுவனத்தின் இளைஞர் வரைபடத்தை மெள்ளச் சுருட்டத் தொடங்கினார்.

அதற்குள் மர வைத்தியர் சற்றுத் தள்ளி ஒரு பெரிய ஓக் மரத்தின் அடியில் மண்டியிட்டு, பேனாக்கத்தியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். அடிமரம் மண்ணோடு சேருமிடத்தில் வேர்கள் புடைத்துப் பிரியும் பாகத்தை அவர் எங்களுக்குக் காட்டினார். கலிபோர்னியாவின் மழை குளிர்காலத்து மழை. கோடை மாதங்களில் பெரும்பாலும் ஒரு துளியும் விழாது. அந்த வறட்சியிலேயே பல தலைமுறைகளாக வளர்ந்து பழகிய நாட்டு ஓக் மரங்களுக்குக் கோடையில் நீர் ஊற்றுவது தாகசாந்தி அன்று. வெப்பமும் ஈரமும் சேர்ந்த மண்ணில் வேரைத் தின்னும் பூஞ்சணம் செழித்து, பத்துப் பதினைந்து வருஷங்களில், பார்வைக்குப் பச்சையாக நின்ற மரம் ஒரு நாள் வேரோடு சாயும். புல்தரை என்றால் தெளிப்புக்குழாய். தெளிப்புக்குழாய் என்றால் கோடை முழுவதும் தண்ணீர். "இந்த மரம் இந்தக் கவுண்டிக்கு முந்தியது, உங்கள் புல் அடுத்த பட்ஜெட்டுக்குப் பிந்தியது" என்று அவர் என்னைப் பார்த்துச் சொன்னார். கிழவனாருக்குப் பரிகாசம் அதிகம். கடைசியில் கூரை ஏறக்குறைய அறுபது அடி தள்ளிப் போய்க் கிழக்கு முகமாகத் திரும்பிற்று. ஓக் மரங்களின் கிளை விரிந்த பரப்பு முழுவதிலும் புல்லை விலக்கி, மரச்சீவலும் உதிர்ந்த இலையுமாகவே விட்டோம். நடைபாதைக்கு நாயோடு வந்த ஒருவர் இந்தச் சபையில் தாமாகவே கலந்துகொண்டு, குடிநீர்க் குழாயின் கீழ் நாய்க்கும் ஒரு தொட்டி வேண்டுமென்று கேட்டார். அறிவிப்பு ஒட்டிய கூட்டமல்லவா? அதுவும் குறிப்பில் ஏறிற்று. தொட்டியும் வந்தது.

ஆனால் நாயோடு வந்தவர் எப்போதும் வருகிறவர். இந்த முறையிலே உள்ள பெரிய ஊனம் அதுதான். மாலை ஆறரை மணிக்கு நகரத்து மண்டபம் ஒன்றுக்குத் தம் காரில் வந்து, மூன்று நிமிஷம் ஆங்கிலத்தில் சரளமாகப் பேசக்கூடியவர்கள் யார்? பூங்காவின் வேலியை ஒட்டி வீடு வைத்திருப்பவர்கள், குதிரைச் சங்கத்தார், சைக்கிள் சங்கத்தார், பறவை பார்ப்பவர்கள். இவர்கள் எல்லாரும் நல்லவர்கள், பூங்காவை நேசிக்கிறவர்கள், சிலர் நம்மைவிட அதை நன்றாக அறிந்தவர்கள். ஆயினும் இவர்கள்தாம் பூங்காவின் ஜனங்கள் என்று எண்ணிவிட்டால் அனர்த்தம் விளையும். மளிகைக்கடைக்காரர் அதிகம் பேசமாட்டார். ஒரு கூட்டத்தில் அவர் மைக்கைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் இருப்பவர்களில் ஒருவரைக்கூட இந்த அறையில் தாம் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டு, வேறொன்றும் சேர்க்காமல் நிறுத்திக்கொண்டார்.

அதன் பலனாக, அந்தப் பூங்காவின் எதிர்காலத் திட்டத்துக்கான விசாரணையை மண்டபத்திலிருந்து பூங்காவுக்கே மாற்றினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் இறைச்சி சுடும் அடுப்புகளுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போட்டு, பெரிய வரைபடத்தை விரித்து, ஸ்பானிஷ் தெரிந்த ரேஞ்சர் ஒருவரையும் வியட்நாமிய பாஷை தெரிந்த நூலகப் பெண்மணி ஒருவரையும் உட்கார்த்தினோம்; குழு அங்கத்தினர்கள் இரண்டிரண்டு பேராக முறை வைத்துக்கொண்டு வந்தார்கள். எங்கள் வரைபடத்தில் அழகான அரைவட்ட அரங்கம் ஒன்று இருந்தது. அதைப் பற்றி எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு பாட்டியம்மாள் வரைபடத்தை விட்டுவிட்டு, என்னைக் கையைப் பிடித்து அழைத்துப்போய்த் தங்கள் மேஜையைக் காட்டினார். ஆறு பேர் உட்காரும்படி சிமென்டில் வார்த்து நிலத்தோடு இறுக்கிய மேஜை அது. அவர் குடும்பத்தில் அன்று வந்திருந்தவர்கள் முப்பதுக்குக் குறையமாட்டார்கள். ஆகவே ஒவ்வொரு வாரமும் பிக்கப் வண்டியில் மடக்கு மேஜைகளை ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். இடம் பிடிப்பதற்காக, எட்டு மணிக்குத் திறக்கும் கேட்டின் எதிரில் வீட்டு ஆண்பிள்ளை ஒருவர் ஏழு மணிக்கே வந்து வண்டியிலே காத்திருக்கிறார். அடுப்பில் மிஞ்சிய தணலைக் கொட்டுவதற்குத் தொட்டி இல்லாமையால் மரத்தடியில் கொட்டுகிறார்கள், அதற்காக ரேஞ்சரிடம் திட்டு வாங்குகிறார்கள். வேண்டியது என்ன என்று கேட்டபோது வந்த பதில்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருந்தன: நீண்ட மேஜை, தணல் தொட்டி, அடுப்பருகில் ஒரு குழாய், பூட்டாத கழிவறை. அரங்கம் சரிவான ஒரு புல்மேடாகச் சுருங்க, அந்தப் பணத்தில் மேஜைகள் நீண்டன. வக்கீலுக்கு மாத்திரம் இதில் சம்மதமில்லை. கூட்டம் ஏற்கெனவே அதிகம், இன்னும் வசதி செய்தால் இன்னும் அதிகமாகும் என்பது அவருடைய ஆட்சேபணை. அவர் சொன்னதும் உண்மைதான். கூட்டம் அதிகமாகத்தான் ஆயிற்று.

குதிரைக்காரர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் இருந்த வழக்கைப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம். திருப்பத்தில் திடீரென்று வந்து நிற்கும் சைக்கிளைக் கண்டால் குதிரை மிரளும். குதிரைக்காரர்கள் சைக்கிளை மலைப்பாதையிலிருந்தே விலக்கச் சொல்லுவார்கள். சைக்கிள்காரர்கள் குதிரையின் சாணத்தைப் பற்றிப் பேசுவார்கள். குழுவில் இரு கட்சிக்கும் ஆள் இருந்ததால் பூசல் இன்னும் வளரும் என்று நான் பயந்தேன். நடந்தது வேறு. அந்த அம்மாளும் என்ஜினீயரும் தனியாக ஒரு நாள் அந்தப் பாதையை நடந்து பார்த்துவிட்டு வந்து (இருவர்தானே, சட்டத்துக்கு உட்பட்டதுதான்), திருப்பங்களில் புதரை வெட்டிப் பார்வைக்கு வழி செய்ய வேண்டும், பாதையின் தலைப்பில் ஒரு பெட்டியில் சைக்கிள் மணிகள் வைத்து, வருகிறவர்கள் எடுத்து மாட்டிக்கொண்டு திரும்பும்போது போட்டுவிட்டுப் போகச் செய்ய வேண்டும் என்று இரண்டே யோசனை சொன்னார்கள். மணிகளில் பாதி திரும்பி வருவதில்லை. மணி மலிவு.

என் சொந்த ஜனங்களால் எனக்கு ஏற்பட்ட தர்மசங்கடம் ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் தொழிலுக்காக அந்தப் பிரதேசத்தில் வந்து குடியேறிய நம் நாட்டு இளைஞர்கள் கிரிக்கெட் மைதானம் கேட்டு ஒரு மாலை திரளாக வந்தார்கள். கூட்டம் தொடங்குமுன் தாழ்வாரத்தில் என்னைப் பார்த்த ஒருவர், "அண்ணா, நம்ம ஆளே உள்ளே இருக்கீங்க, அப்புறம் என்ன?" என்று தமிழிலேயே கேட்டார். 22 கஜ நீளமுள்ள ஆடுகளத்தோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. எல்லைக்கோடு வரையில் சுற்றிலும் மூன்று நான்கு ஏக்கர் சமதரை வேண்டும். மலையும் ஓடையுமான கவுண்டிப் பூங்காவில் அது கிடைப்பது அரிது. நான் அந்த விஷயத்தில் வாயைத் திறக்காமல் அறிக்கையை மட்டும் சமர்ப்பித்தேன். மைதானத்தின் அளவை அவர்களிடமே விவரமாகக் கேட்டுத் தெரிந்துகொண்ட குழு, இரண்டு சாஃப்ட்பால் மைதானங்களின் வெளிப்பரப்புகள் ஒன்றோடொன்று கலக்கும் இடத்தில் சிமென்டுத் தளம் போட்டுச் செயற்கைப் புல்பாய் விரிக்கலாம் என்றும், பருவம் பிரித்து ஆடலாம் என்றும் சிபாரிசு செய்தது. கிரிக்கெட் என்றால் இன்னதென்றே அறியாத வீட்டுமனைத் தரகர்தான் அந்தத் தீர்மானத்தை முன்மொழிந்தார். நான் அனுகூலம் செய்ததாக அந்த இளைஞர்கள் இன்றும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள், நானும் மறுப்பதில்லை.

இவையெல்லாம் ஒருபுறமிருக்க, குழுவினால் ஏற்படும் பிரயோஜனங்களில் தலையாயதாக நான் மதிப்பது அதன் ஞாபகசக்தி. இலாகா உத்தியோகஸ்தர்கள் பதவி உயர்ந்து வேறிடம் போகிறார்கள். மேற்பார்வையாளர்கள் தேர்தலில் மாறுகிறார்கள். கோப்புகள் நிலவறையில் உறங்குகின்றன. ஒரு சமயம், நகர விஸ்தரிப்பை உத்தேசித்துப் பூங்காவின் ஒரு மூலையில் தீயணைப்பு நிலையம் கட்ட இரண்டு ஏக்கர் வேண்டுமென்று வேறோர் இலாகா கேட்டது. நோக்கம் நியாயமானது, அந்த மூலையில் களையைத் தவிர ஒன்றும் முளைத்திருக்கவில்லை, மேற்பார்வையாளர்களுக்கும் சம்மதம். குழுவின் முன் அது வெறும் சம்பிரதாயமாக வந்தபோது, அந்தப் பூங்காவின் பக்கத்திலேயே நெடுங்காலம் வாழ்ந்த மர வைத்தியர், அந்த நிலத்தை வாங்கியபோது மத்திய சர்க்காரின் மானியம் வந்ததாகத் தமக்கு ஞாபகம் என்றார். 1964-ஆம் வருஷத்து நில நீர்ப் பாதுகாப்பு நிதிச் சட்டத்தின் பணம் ஒரு பூங்காவில் சேர்ந்துவிட்டால், உள்நாட்டு இலாகாவின் அனுமதியின்றி அந்த நிலத்தை வேறு காரியத்துக்குத் திருப்ப முடியாது. அனுமதித்தாலும், மதிப்பிலும் உபயோகத்திலும் குறையாத வேறு நிலத்தை ஈடாகக் கொடுக்க வேண்டும். நிலவறையில் தேடினோம். மஞ்சளேறிய ஒப்பந்தம் கிடைத்தது. எல்லைப் படத்தில் அந்த மூலை தெளிவாக உள்ளே இருந்தது. தீயணைப்பு நிலையம் சாலைக்கு எதிர்ப்புறத்தில் எழுந்தது.

இத்தகைய வாக்குறுதிகளைக் காப்பது எவ்வளவு பெரிய பொறுப்பு என்பதற்கு, ஸான்டா கிளாரா கவுண்டியின் மார்ஷியல் காட்டில் பூங்காவைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஸான் ஹோசே நகரத்தின் தென்பாகத்தில், நாற்புறமும் வீடுகளும் கடைகளும் நெடுஞ்சாலையும் நெருக்கி நிற்க, நடுவே 287 ஏக்கர் விளைநிலம். ப்ளம், ஆப்ரிகாட் தோட்டங்களால் நிறைந்திருந்த அந்தப் பள்ளத்தாக்கு சிலிக்கான் பள்ளத்தாக்காக மாறிய காலமெல்லாம், நிலத்துக்குச் சொந்தக்காரரான வால்டர் காட்டில் லெஸ்டர் என்ற விவசாயி, வீடு கட்டுவோர் வைத்த விலைகளையெல்லாம் மறுத்துவிட்டு, தம் பாட்டனாரின் பெயரால் அதை மாநிலமும் கவுண்டியும் சேர்ந்து நடத்தும் விவசாயப் பூங்காவாக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு பொதுமக்களுக்கு அளித்தார். 2014-இல் அவர் காலமான வருஷத்திலேயே பூங்கா திறக்கப்பட்டது. அவ்வளவு பெரிய சமதரையைப் பார்க்கிற எவனுக்கும் விளையாட்டு மைதானங்களின் நினைவு வராமலிராது. எனக்கே வந்தது, நம் கிரிக்கெட் இளைஞர்களின் முகம் கண்ணெதிரில் தோன்றிற்று. கொடுத்தவர் இல்லாத காலத்தில் அவருடைய பத்திரத்தைப் படித்துக்காட்ட யாராவது ஒருவர் கூட்டத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

பண விஷயத்தை விரிவாக எழுதினால் வாசகருக்கு அலுப்புத் தட்டும், சுருக்கமாகச் சொல்கிறேன். 1978-இல் கலிபோர்னியா ஜனங்கள் நிறைவேற்றிய 13-ஆம் பிரேரணை சொத்துவரியை, நிர்ணயித்த மதிப்பில் நூற்றுக்கு ஒன்று என்று கட்டிப்போட்டுவிட்டபின், கவுண்டிகளின் கஜானா வற்றிற்று. வற்றிய கஜானாவில் முதலில் கைவைப்பது பூங்காவின்மேல்தான். ஸான்டா கிளாரா கவுண்டியார் 1972-லேயே சொத்துவரியில் ஒரு பங்கைப் பூங்காக்களுக்கென்று சாசனத்தில் எழுதிவைத்து, அதன்பின் பல தடவை வாக்களித்துப் புதுப்பித்துக்கொண்டதால் ஓரளவு தப்பித்தார்கள். எல்லாரும் அவ்வளவு முன்யோசனைக்காரர்களல்லர். எங்கள் கவுண்டியில் மானியங்களை நம்பித்தான் காலம் ஓடிற்று. கழிவறை கட்ட மானியம் கிடைக்கும். அதைத் தினம் கழுவ மானியம் கிடையாது. நாடா வெட்டித் திறந்துவைக்கப் பெரிய மனிதர்கள் வருவார்கள். ஆறாவது வருஷத்தில் கூரை ஒழுகும்போது அவர்களில் ஒருவரும் ஊரில் இருப்பதில்லை. ஆகவே ஆசிரியையின் இரண்டாவது கேள்வி, "இதை யார் கூட்டுவார்கள்?" என்பது. அதற்குப் பயந்து, ஒவ்வொரு திட்ட அறிக்கையிலும் வருஷத்துக்கு எத்தனை ஆள்-மணி பராமரிப்பு வேண்டும், அந்த ஆட்கள் எந்தப் பூங்காவிலிருந்து வருவார்கள் என்று ஒரு பக்கம் எழுதுவதை வழக்கமாக்கிக்கொண்டோம். அந்தப் பக்கத்தினாலேயே கைவிடப்பட்ட திட்டங்கள் உண்டு. வருந்தத் தக்கவை என்று நான் கருதுபவையும் அவற்றில் ஒன்றிரண்டு.

குழுவைத் தெய்வமாக்கி எழுதுகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். தம்மை நியமித்த மேற்பார்வையாளர் எதை விரும்புவார் என்று யோசித்து யோசித்தே வாக்களித்தவர்களையும், தம் தெருவுக்கு எதிரில் உள்ள பூங்காவைத் தவிர வேறொன்றின் பெயரும் அறியாதவர்களையும், ஆறு மாதம் வராமலே நாற்காலியை வைத்துக்கொண்டவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். நாயைச் சங்கிலியோடு அழைத்துவர வேண்டுமா, அவிழ்த்துவிடலாமா என்ற ஒரே விஷயம் நிகழ்ச்சிநிரலில் இருந்த மாலையில், மண்டபம் நிரம்பி வழிந்து, நள்ளிரவை நெருங்கும்வரை பேசி, மறுமாதத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. அதே வருஷத்தில், பூங்காக்கள் அனைத்துக்குமான இருபது வருஷத் திட்டம் வந்தபோது வெளியார் இருவர்தாம் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் மண்டபத்தின் காவல்காரர்.

சபைக்குப் போகும் அறிக்கையில் குழுவின் வாக்கு எண்ணிக்கையை எழுதுவதோடு, எதிர்த்து வாக்களித்தவர்களின் காரணத்தையும் அவர்கள் வார்த்தையிலேயே சேர்ப்பது எங்கள் வழக்கம். மலையடிவாரப் பூங்கா ஒன்றுக்கு இரண்டாவது கேட் அமைக்கும் திட்டம் 5-க்கு 2 என்று குழுவில் நிறைவேறிற்று. எதிர்த்த இருவர், மளிகைக்கடைக்காரரும் வக்கீலும், வேறெந்த விஷயத்திலும் ஒத்துப்போனவர்களல்லர்; கேட் வரப்போகும் தெருவில்தான் பள்ளிக்கூடத்துப் பஸ் திரும்புகிறது என்று இருவரும் நான்கு வரி எழுதியிருந்தார்கள். சபையில் மேற்பார்வையாளர் ஒருவர் எங்கள் நாற்பது பக்கத்தையும் தள்ளிவிட்டு, அந்த நான்கு வரியை உரக்கப் படித்து, பஸ் எத்தனை மணிக்குத் திரும்புகிறது என்று கேட்டார். திட்டம் திரும்பி வந்தது. கேட்டை மேற்குப் புறத்துக்கு மாற்றினோம். ஓடையின்மேல் சிறு பாலம் ஒன்று அதிகப்படியாகப் போட வேண்டி வந்ததால் செலவு கூடிற்று. ஆதரித்து வாக்களித்திருந்த வீட்டுமனைத் தரகர் அந்தக் கூடுதல் செலவைப் பற்றி அடுத்த வருஷத்துப் பட்ஜெட் கூட்டத்திலும் கேட்டார், அதற்கு அடுத்த வருஷத்திலும் கேட்டார். ஆசிரியையோ, பாலத்தை யார் கூட்டுவார்கள் என்று கேட்டார்.